நாய்க்கல்லில் இருந்த தேதி

பிள்ளைகளே, ஆறு நாளைக்கு முன்னால் நீங்கள் மூன்று பேரும் கொழும்பிலிருந்து வந்து என்னுடைய எழுபத்தைந்தாவது பிறந்த நாளைக் கொண்டாடினீர்கள். கேக் நல்ல கேக்தான். நான்தான் ஒரு துண்டை வாயில் வைத்துவிட்டுப் பின்பக்கம் போய்த் துப்பினேன். சின்னவள் அதைப் பார்த்துவிட்டாள். "அப்பாவுக்குச் சீனி வருத்தம், அதான்" என்று மூத்தவன் சமாளித்தான். எனக்குச் சீனி வருத்தம் கிடையாது. கிளினிக் கொப்பி அலுமாரியில் இருக்கிறது, எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுவரில் ஒரு பெரிய வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தீர்கள். ஒரு பக்கம் 'அப்பா' என்றும் மறு பக்கம் 'உலகம்' என்றும் போட்டு, சின்னவள் எழுந்து நின்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வாசித்தாள். அப்பா பிறந்தார், அந்த வருஷம் நாட்டுக்குச் சுதந்திரம். அப்பாவுக்கு ஒன்பது வயது, ரஷ்யாக்காரர்கள் ஒரு நாயை வானத்துக்கு அனுப்பினார்கள். அப்பா தபால் கந்தோரில் சேர்ந்தார், மனுஷன் நிலாவில் இறங்கினான். நாய் என்று வாசித்ததும் எல்லோரும் சிரித்தீர்கள். மூத்தவன் மகன், "தாத்தா, அந்த நாய் உங்க ஃபிரெண்டா?" என்று கேட்டான். அப்போதுதான் நான் எழுந்து பின்பக்கம் போனேன்.

அந்தத் தாளில் நீங்கள் எழுதாமல் விட்டதை நான் இந்தக் கொப்பியில் எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தை மட்டும் திருத்தாதீர்கள்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக நின்ற அந்த இடத்தில், ஒருவருக்கும் தேதி கிடையாது. தேதி எல்லாம் தோட்டத்து ஆபீசில் இருந்தது. எங்களுக்கு இருந்தது சம்பவம்தான். பக்கத்துக் காம்பராவில் இருந்தவர் கொழுந்து நிறுக்கிற மடுவம் எரிந்த அன்றைக்குப் பிறந்தவர். எங்கள் அக்கா மழைக்குப் பாலம் உடைந்த வாரத்தில் பிறந்தவள். நான் பெரிய தொரையின் நாய் செத்த அன்றைக்குப் பிறந்தவன். இது கேலிக்காக வைத்த பெயர் இல்லை. அம்மா வாயாலேயே சொல்லுவாள்.

"நீ என்ன சும்மாவா பொறந்த? தோட்டமே வேலைய நிறுத்திட்டு நின்ன அன்னிக்குப் பொறந்தவன்டா நீ."

கதை இதுதான். தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் தொரைக்கு ஒரு பெரிய நாய் இருந்தது. கன்றுக்குட்டி உயரம். பெயர் டியூக். எங்கள் ஆட்கள் வாயில் அது டூக்கு ஆகி, பங்களாவில் வேலை செய்தவர்கள் வாயில் 'டூக்கு தொரை' ஆகிவிட்டது. சும்மா டூக்கு என்று கூப்பிட்டதற்காகத் தோட்டக்காரர் ஒருவருக்கு அறை விழுந்ததாம். அந்த நாய்க்கு வயிற்றில் ஏதோ நோய் வந்து மூன்று நாள் படுத்துவிட்டது. தோட்டத்து மருந்தய்யா மூன்று நாளும் பங்களாவிலேயே இருந்து அதற்கு ஊசி போட்டார். அந்த மூன்று நாளும் லயத்தில் காய்ச்சலில் கிடந்தவர்கள் தாங்களாகவே எழுந்துகொண்டார்கள், அல்லது எழும்பவில்லை.

நாலாம் நாள் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் ஆள் கூடி நிற்கும்போது மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா வந்து சொன்னாராம்: "டூக்கு தொரை தவறிட்டாரு. இன்னைக்கு மலைக்கு யாரும் போக வேணாம். ஆம்பள பொம்பள எல்லாரும் பங்களாவுக்கு வந்து நிக்கணும். எல்லாருக்கும் முழுப் பேர்."

ஒரு நாள் கூலியை எங்கள் பக்கம் 'பேர்' என்றுதான் சொல்லுவார்கள். கொழுந்து குறைந்தால் அரைப் பேர். முழு நாளும் நின்றால் முழுப் பேர். வேலை செய்யாமல் முழுப் பேர் கிடைத்த நாள் என்று என் அம்மாவின் ஆயுளில் அது ஒன்றுதான். கங்காணி மெதுவாக, "மோளம் வேணுமாங்கய்யா?" என்று கேட்டாராம். அதை மட்டும் வேண்டாம் என்றுவிட்டார்களாம்.

ஆம்பளைகள் தலைப்பாவை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு வரிசையாக நின்றார்கள். பெட்டியைச் சுமந்த நாலு பேரில் அப்பாவும் ஒருவர். அந்த நேரம் அம்மா காம்பராவில் வலியோடு கிடந்தாள். கால் நொண்டி என்பதால் பங்களாவுக்கு ஏற முடியாத ஒரு கிழவி மட்டும்தான் லயத்தில் மிச்சம். அவள்தான் என்னைப் பிடித்து எடுத்தாள். அப்பா நாயைப் புதைத்துவிட்டு வந்து, கைமண்ணைக்கூடக் கழுவாமல் என்னை எட்டிப் பார்த்துச் சொன்னது: "டூக்கு தொரை போயி இவன் வந்திருக்கான்."

இன்னும் இருக்கிறது. அன்று சாயந்தரம் தொரைசாணி ஒரு பால்மா டின்னைக் கொடுத்தனுப்பினாள். நாய்க்கு வாங்கிய டின். மூன்று நாளில் கால்வாசிதான் தீர்ந்திருந்தது. அம்மாவுக்குப் பால் பத்தவில்லை. நான் நாய் குடித்து மிச்சம் வைத்த டின்னில்தான் பிழைத்தேன். அம்மா இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை இருக்கும். சின்ன வயதில் எனக்கும் அந்தப் பெருமை இருந்தது. இப்போது அது இல்லை. ஆனால் நான் அதைக் குடித்துத்தான் வளர்ந்தேன்.

டின் தீர்ந்த பிறகு அதை வீட்டில் வைத்துக்கொண்டோம். மஞ்சள் டின், மூடியில் ஒரு மாட்டுப் படம். எங்கள் வீட்டுக் கடதாசி எல்லாம் அதற்குள்தான் இருந்தது. மூடியைத் திறந்தால் பழைய பால்மா வாசமும் கற்பூர வாசமும் சேர்ந்து வரும்.

நாய் செத்ததற்காகத் தொரை மருந்தய்யாவை மறுநாளே விரட்டிவிட்டான். புது மருந்தய்யா வர ஒன்றரை மாதம் ஆனது. பிறப்பு இறப்பு பதிகிற புத்தகத்தை வைத்திருப்பது மருந்தய்யாதான். ஆகவே அந்த ஒன்றரை மாதத்தில் பிறந்தவர்கள் எந்தப் புத்தகத்திலும் இல்லை. பிறந்தது இரண்டு பேர். ஒன்று நான். மற்றது, அதே லயத்தில் இரண்டு காம்பரா தள்ளி இருந்த அத்தையின் மகள். அத்தை என்றால் அப்பாவின் கூடப்பிறந்த தங்கை. அவள் புருஷன் மரம் விழுந்து செத்துவிட்டான். அவளுக்கு அந்த ஒரு பெண்தான். என்னைவிட அஞ்சு நாள் இளையவள்.

மற்றப் பையன்கள் என்னைச் 'செத்த நாய்' என்பார்கள். அவளை 'அஞ்சாம் நாள் படையல்' என்பார்கள். நான் அழுவேன். அவள் அழமாட்டாள்.

"டேய், அவன்தான்டா செத்த நாயி. நான் நாயி நாத்தமெல்லாம் போன பொறவு பொறந்தவ. போங்கடா, போயி மொகத்தக் கழுவுங்க."

எனக்கும் சேர்த்துத்தான் சண்டை போட்டாளா, என்னையும் சேர்த்து ஏசினாளா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

சுதந்திரம் கிடைத்த வருஷம் என்று எழுதியிருந்தீர்களே, அந்த வருஷம் முடிவதற்குள்ளேயே ஒரு சட்டம் வந்தது. தோட்டத்து ஆட்கள் இந்த நாட்டுப் பிரஜை இல்லை என்று ஆனது. பிறகு இன்னொரு சட்டம் வந்தது. பிரஜாவுரிமை வேண்டுமென்றால் எழுதிப் போட்டுக் கேட்க வேண்டும், புருஷன் பெண்டாட்டி பிள்ளை எல்லோரும் தொடர்ந்து இங்கேதான் இருந்தோம் என்று காட்ட வேண்டும். அப்பா எழுதிப் போட்டார். அத்தையும் போட்டாள். போட்ட கடதாசிக்கு விசாரணை என்று எங்களைக் கூப்பிட்டபோது எனக்கு ஒன்பது வயது.

அன்றைக்கு அப்பா கறுப்புக் கோட் போட்டுக்கொண்டார். நாய்ப் பெட்டி சுமந்ததற்குத் தொரை கொடுத்த பழைய கோட். கை இரண்டும் முழங்கைக்குக் கீழே தொங்கும். மஞ்சள் டின்னைத் துண்டில் கட்டி எடுத்துக்கொண்டு, அப்பாவும் அம்மாவும் நானும் அக்காவும் டவுனுக்கு நடந்தோம். ஒரு பழைய கட்டடம். மேசைக்குப் பின்னால் விசாரணை செய்கிற துரை, கண்ணாடி போட்ட சிங்களவர். பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு யாழ்ப்பாணத்து ஐயா. அக்காவின் பிறப்புக் கடதாசி சரி. அடுத்தது நான்.

"இந்தப் பொடியன் எப்ப பிறந்தவன்?" என்று ஐயா கேட்டார்.

"நாய் செத்த அன்னிக்குங்க."

"என்ன? வடிவாச் சொல்லும்."

"எங்க பெரிய தொரையோட நாயிங்க. டூக்கு தொரை. அவரு செத்த அன்னிக்குங்க."

ஐயா பேனாவை வைத்துவிட்டுத் துரையிடம் சிங்களத்தில் சொன்னார். 'பல்லா' என்ற சொல் மட்டும் எனக்குப் புரிந்தது. நாய். துரை முதலில் அப்பாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்பாவும் சிரித்தார். பெரிய மனுஷன் சிரித்தால் நாமும் சிரிக்க வேண்டும் என்று அப்பா நினைத்துக்கொண்டிருந்தார்.

"எழுத்தில என்ன இருக்கு?"

"கல்லு இருக்குங்க. நாயிக்குக் கல்லு நட்டுத் தேதி வெட்டியிருக்காங்க."

துரை இரண்டு வாரம் தவணை கொடுத்தார். கல்லில் உள்ள தேதியைத் தோட்டத்துத் தொரை கையெழுத்தோடு கொண்டு வரச் சொன்னார்.

வெளியே வந்து ஒரு முஸ்லிம் நானாவின் கடையில் தேத்தண்ணி குடித்தோம். நானா பேப்பரை விரித்து வைத்துச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களா, ரஷ்யாக்காரன் நாயொண்ட வானத்துக்கு அனுப்பீக்கிறான்."

"திரும்பி வருமா நானா?" என்று அம்மா கேட்டாள்.

"வராதாம். போறதுக்கு மட்டுந்தான் டிக்கெட்."

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னைப் பங்களாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பழைய தொரை சீமைக்குப் போய், அப்போது புதுத் தொரை. பங்களாவில் சமையல் செய்கிற அப்புவுக்கு ஒரு கோழி கொடுத்து அனுமதி வாங்கியிருந்தார். ரோஜாப் பாத்திக்கும் மதிலுக்கும் நடுவே கல். எனக்கு நெஞ்சுயரம். எங்கள் ஆட்களைப் புதைக்கிற இடத்தில் ஒரு கல் கூடக் கிடையாது. மழை பெய்தால் மேடு கரைந்து, யார் எங்கே என்று தெரியாமல் போகும்.

ஒன்பது வருஷத்துப் பாசி எழுத்தை மூடியிருந்தது. "நீதானே படிச்சவன், சொரண்டுடா" என்றார் அப்பா. நான் முட்டிக்கால் போட்டு, தேங்காய்ப் பொச்சால் தேய்த்து, மிச்சத்தை நகத்தால் சுரண்டினேன். ஈரப் பாசி நகத்துக்குள் ஏறிக் குளிர்ந்தது. ஒவ்வொரு எழுத்தாக வெளியே வந்தது. முதலில் நாயின் பெயர். பிறகு ஏதோ நாலு வரி. கடைசியில் தேதி. பின்னால் திரும்பிப் பார்த்தேன். அப்பா கோட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு ரோஜாவைப் பறித்துக் கல்லின் அடியில் வைத்து, கும்பிட்டுக்கொண்டு நின்றார்.

"கும்பிட்டுக்கடா. இவருதான் நமக்குச் சாட்சி."

நானும் கும்பிட்டேன்.

அந்தத் தேதியை இங்கே எழுத எனக்கு மனசில்லை. உங்களுக்குத்தான் தெரியுமே. கேக்கில் எழுதியிருந்தீர்கள்.

அன்று பின்னேரம் அத்தை எங்கள் இஸ்தோப்புத் திண்ணைக்கு வந்தாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே பேசினாள்.

"அண்ணே, ஒங்க மகனுக்கு அஞ்சு நாள் எளையவதானே எம் மக. அதே கடுதாசியில ஒரு வரி சேத்து எழுதித் தரச் சொல்லுங்களேன். நான் போயி நின்னா கிளாக்கரய்யா மொகம் குடுக்க மாட்டாரு."

"கேக்கறேன்மா. கேக்காம இருப்பேனா?"

"ஒரு வரிதாண்ணே."

"அதான் சொல்லிட்டேன்ல."

மறுநாள் ஆபீசுக்கு அப்பாவோடு நானும் போனேன், தேதி எழுதிய தாள் என் சட்டைப்பையில் இருந்ததால். கிளாக்கரய்யா தாளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே டைப் அடித்தார். முடிந்ததும் தாளை இழுத்து எடுத்துவிட்டு, கண்ணாடிக்கு மேலால் பார்த்துக் கேட்டார்: "வேற என்ன?"

நான் அப்பாவின் கோட்டைப் பிடித்து இழுத்தேன். இழுத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவர் என் கையைத் தட்டிவிட்டார்.

"வேற ஒண்ணுமில்லங்கய்யா."

திரும்பி வரும்போது, தண்ணீர் ஓடுகிற கான் ஓரமாக நின்று என் தோளைப் பிடித்தார். "ரெண்டு பிள்ளைக்குக் கேட்டா ஒண்ணுக்கும் கெடைக்காமப் போயிரும்டா. இவனுங்க ஆசப்படறானுங்கன்னு கிழிச்சுப் போட்டா நீ என்ன பண்ணுவ, நான் என்ன பண்ணுவேன்? அத்தை கேட்டா, கிளாக்கரய்யா முடியாதுன்னுட்டாருன்னு சொல்லணும். வெளங்குதா?"

அத்தை அப்பாவிடம் கேட்கவில்லை. என்னிடம்தான் கேட்டாள். அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். அவள் மகள் அம்மியில் சம்பல் அரைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னய்யா சொன்னாரு?"

"முடியாதுன்னுட்டாரு அத்தே."

"அண்ணன் நல்லாக் கேட்டாங்களா?"

"கேட்டாங்க. ரெண்டு தரம் கேட்டாங்க."

அந்த இரண்டு தரம் என்பதை அப்பா சொல்லித் தரவில்லை. நானே சேர்த்தேன்.

அத்தை ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். "பாவம், எனக்காக அவருகிட்டப் போயி நின்னிருக்காங்க" என்று சொல்லி, சூட்டோடு ஒரு ரொட்டியை எடுத்து, மகள் அரைத்த சம்பலை வைத்து என்னிடம் நீட்டினாள். நான் தின்றேன். நகத்துக்குள் அந்தப் பாசி இன்னும் பச்சையாக இருந்தது. அந்தக் கையாலேயே தின்றேன். நன்றாக இருந்தது என்றுகூடச் சொன்னேன்.

இரண்டாம் முறை போனபோது துரை அந்தக் கடிதத்தைச் சத்தமாக வாசித்தார். அன்று எனக்கு ஆங்கிலம் புரியவில்லை. பிற்காலத்தில் டின்னிலிருந்து எடுத்து எழுத்துக் கூட்டி வாசித்திருக்கிறேன். அதில் இருப்பது இதுதான்: தனக்கு முன்னே இருந்தவரின் நாய் டியூக் இன்ன தேதியில் இறந்தது என்று கல்லின்படி தெரிகிறது. இந்தத் தொழிலாளி தன் மகன் அன்றைக்குப் பிறந்ததாகச் சொல்கிறான். அதைப்பற்றித் தனக்கு எதுவும் தெரியாது. கீழே கையெழுத்து. நாயின் பெயர் இரண்டு இடத்தில் வருகிறது. என் பெயர் ஓர் இடத்திலும் இல்லை. நாய்க்கு முழுப் பேர். எனக்கு அரைப் பேர்கூட இல்லை.

துரைக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். அவர் சொன்னதை ஐயா எங்களுக்குத் தமிழில் சொன்னார்:

"அங்க ஒரு நாய் வானத்துக்குப் போகுது. இங்க ஒரு நாய் பிரஜாவுரிமைக்குச் சாட்சி சொல்ல வருகுது. பொய் சொல்லுறவன் இப்படி ஒரு பொய்யை நினைச்சும் பாக்கமாட்டான். உம்மட பொடியனை ஏற்றுக்கொள்ளுறாராம். நீர் அதிர்ஷ்டக்காரன்."

அப்பா மேசையைத் தொட்டுக் கும்பிட்டார். நானா கடையில் எனக்கும் அக்காவுக்கும் ஆளுக்கொரு சீனிப் பணிஸ். லயத்துக்கு வந்து எல்லோருக்கும் டொஃபி. அத்தையும் ஒன்று வாங்கி, உறையைப் பிரித்து என் வாயில்தான் போட்டாள்.

அடுத்த வாரம் அத்தையின் முறை. அவள் தன் மகளை மட்டும் கூட்டிக்கொண்டு போனாள். நடந்ததை மகள்தான் எனக்குச் சொன்னாள். நாய் செத்த அஞ்சாம் நாள் என்று அத்தை சொன்னாளாம். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லையாம். ஒரே பகிடிக்கு எத்தனை முறை சிரிப்பது? கடிதம் எங்கே என்று கேட்டார்களாம். அந்தக் கடிதத்தில்தான் தேதி இருக்கிறதே, அதோடு அஞ்சு நாளைக் கூட்டிக்கொள்ளுங்கள் என்று அத்தை சொன்னாளாம்.

"அதுக்கு அவரு என்ன சொன்னாரு தெரியுமா? 'அந்தக் கடுதாசி நாய்க்குத்தான், உம்மட பிள்ளைக்கில்ல'ன்னாரு."

இதைச் சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அப்பாவிடமிருந்துதான் அதைக் கற்றுக்கொண்டிருக்க வேண்டும்.

அத்தையின் கடதாசி தள்ளப்பட்டது. பிறகு ஏழெட்டு வருஷம் அவள் எந்த நாட்டுக்கும் ஆகாதவளாக அதே மலையில் கொழுந்து எடுத்தாள். அக்காவுக்கு டிக்கோயாவில் கல்யாணம் ஆனது. நான் எட்டாம் வகுப்பு முடித்தேன். இலங்கை, இந்தியா இரண்டு நாட்டுப் பிரதமர்களும் உட்கார்ந்து, இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று எங்கள் ஆட்களைப் பங்கு போட்டது அந்த நேரம்தான். உங்கள் தாளில் 'உலகம்' பக்கத்தில் அதற்கு இடம் இல்லாமல் போயிருக்கும். அடுத்த வருஷம் அத்தை இந்தியப் பாஸ்போர்ட் எடுத்துவிட்டாள். முறை வரும் வரைக்கும் காத்திருக்க முடியாது என்றாள். அங்கே அவளுக்கு யாரையும் தெரியாது. அவளே இங்கே பிறந்தவள்தான்.

ஹட்டன் ஸ்டேஷனில் அவர்களைக் கோச்சி ஏற்றப் போனோம். அப்பா வரவில்லை, காய்ச்சல் என்றுவிட்டார். ஒரு தகரப் பெட்டி, ஒரு பாய்ச் சுருட்டு, ஒரு அம்மிக்குழவி. கல்லை விட்டுவிட்டுக் குழவியை மட்டும் எடுத்துப் போகிறாளே என்று யாரோ கேலி செய்தார்கள். கோச்சி கூவியதும் அவள் மகள் ஜன்னல் வழியாகக் குனிந்தாள். பதினேழு வயது. அந்த மூக்கு, அந்த வாய், எல்லாம் சண்டைக்கு நிற்கிற மாதிரி.

"ஏன்டா, ஒண்ணு கேக்கவா?"

"கேளு."

"கிளாக்கரய்யா நெசமாவே முடியாதுன்னாரா?"

எட்டு வருஷமாக அதை வயிற்றில் வைத்துக்கொண்டுதான் என்னோடு பேசிச் சிரித்திருக்கிறாள். சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகியிருக்காது, கோச்சி புறப்பட்டுவிட்டது. அதனாலாவது சொல்லியிருக்கலாம்.

"ஆமா" என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாள். வானத்துக்குப் போன அந்த நாய்க்கு வாங்கின மாதிரி டிக்கெட்தான் அவர்களுக்கும்.

பிற்பாடு பிரஜாவுரிமைக் கடதாசியும் அந்தத் தேதியும் இருந்ததால் எனக்குத் தபால் உத்தியோகம் கிடைத்தது. அதே தேதியைக் காட்டித்தான் அடையாள அட்டை எடுத்தேன், கல்யாணம் பதிந்தேன், உங்களைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன், ஓய்வூதியம் வாங்குகிறேன். உத்தியோகம் பார்த்த காலம் முழுக்க, இந்தியாவிலிருந்து வருகிற கடிதக் கட்டைப் பிரிக்கும்போதெல்லாம் அவள் எழுத்து இருக்கிறதா என்று பார்ப்பேன். வரவில்லை. விலாசம் அவளுக்குத் தெரியும்.

ஒரு தடவை டிக்கோயாவில் அந்தக் கிளாக்கரய்யாவுக்கே மணியோடர் கொண்டு போய்க் கொடுத்தேன். வயதாகி, பல் எல்லாம் போயிருந்தது. என்னை ஞாபகம் வைத்திருந்தார். "நாய்க் கடுதாசிப் பொடியன்தானே நீ?" என்று சிரித்தார். நான் கேட்டேன். அன்றைக்கு இன்னொரு வரி கேட்டிருந்தால் எழுதியிருப்பீர்களா ஐயா என்று.

"கேட்டிருந்தா எழுதியிருப்பேனே. அந்தத் தொரை நான் எதை நீட்டினாலும் கையெழுத்துப் போடுவான். வாசிக்கவே மாட்டான். நான்தான் வேற என்னன்னு கேட்டேனே."

அப்பா அப்போது உயிரோடு இருந்தார். நான் அதை அவரிடம் சொல்லவில்லை. அது அவர்மேல் உள்ள இரக்கம் என்று நீங்கள் நினைக்க வேண்டாம். சொன்னால் அவர் அழுவார், அழுதால் நானும் என் பங்கைச் சொல்ல வேண்டி வரும். அதற்குப் பயந்துதான்.

அப்பா பயந்த மனுஷன். பயந்தவர்களை நான் மன்னிப்பேன். ஆனால் அவர் கல்லுக்கு முன்னால் கும்பிட்டதை மட்டும் இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. கூடப்பிறந்த தங்கைக்காக ஒரு வரி கேட்க நாக்கு எழும்பாதவர், செத்த நாய்க்கு ரோஜா வைத்தார். நானும் கும்பிட்டேனே, ரொட்டியும் தின்றேனே. அருவருப்பு என்று ஒருவர் மேல் மட்டும் எனக்குக் கிடையாது. அந்தத் தொரை, சிரித்த துரை, கோட், டின், எல்லாவற்றின் மேலும் இருக்கிறது. அதில் பெரிய பங்கு எனக்கு.

இனி என் பிறந்த நாளைக்கு நீங்கள் வர வேண்டாம் என்று சொல்லவில்லை. வாருங்கள். கேக் வெட்ட வேண்டாம். சின்னவள் அந்தத் தாளில் என் பிறப்புக்குக் கீழே இன்னொரு வரி சேர்க்கட்டும். அஞ்சு நாள் கழித்து, அத்தையின் மகள் பிறந்தாள் என்று. அந்த ஒரு வரியை எழுத எழுபத்தைந்து வருஷம் ஆகியிருக்கிறது.

நேற்று ஓய்வூதிய விஷயமாக ஹட்டனுக்குப் போவதாகப் போனில் சொல்லிவிட்டுப் போனேன் அல்லவா, அது பொய். நேற்றுத்தான் அஞ்சாம் நாள். ஹட்டனில் பஸ் மாறி, பழைய தோட்டத்துக்குப் போனேன். பங்களா இப்போது வெள்ளைக்காரர் வந்து தங்குகிற ஹோட்டல். கேட்டில் நின்ற வாச்சர் எங்கள் பக்கத்துப் பையன்தான்.

"என்ன தாத்தா, யாரைப் பாக்கணும்?"

"நாய்க்கல்லு."

"அட, எல்லாரும் அதைத்தான் படம் எடுக்கறாங்க. போயிப் பாருங்க. ரோஜாவை மட்டும் தொட்றாதீங்க, மேனேஜர் ஏசுவாரு."

கல்லைத் தேய்த்துக் கழுவி, எழுத்துக்கெல்லாம் வெள்ளைப் பெயின்ட் அடித்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு வாங்கு, உட்கார்ந்து பார்க்க. அன்றைக்கு நான் எவ்வளவு கஷ்டப்பட்டுச் சுரண்டினேனோ, அவ்வளவும் இப்போது சும்மாவே பளிச்சென்று தெரிந்தது.

சுற்றிலும் ஒருவரும் இல்லை. மதில் ஓரத்துக் கானில் இறங்கி ஒரு கை ஈரமண்ணும் பாசியும் அள்ளினேன். முட்டிக்கால் போட இப்போது நேரம் எடுக்கிறது. நாயின் பெயரை நான் தொடவில்லை, அது அதன் பெயர். தேதியை மட்டும், ஒவ்வோர் இலக்கமாக, கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி அடைத்தேன். கடைசி இலக்கம் மூடிய பிறகு, தோட்டக் குழாயைத் திறந்து இரண்டு கையையும் கழுவினேன். நகத்துக்குள் இருந்ததை ஓர் ஈர்க்குச்சியால் எடுத்தேன்.